மதகுக்கு மேற்கே

புதுச்சேரி,
6 அக்டோபர் 2024

மாமா,

நான் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன் என்று எங்கள் அம்மாவிடம் புலம்பினீர்களாம். ஆமாம், செய்துதான் வைத்திருக்கிறேன். போனில் உங்களிடம் ஒன்றைக் கேட்டால் இரண்டாவது பேச்சிலேயே அது எங்கேயோ போய்விடுகிறது. "மேகம் கோட்ட மேல எறங்கிக் கெடக்குது அன்பு, நீ பாக்கணுமே" என்பீர்கள். நானும் மேகத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. கேட்ட கேள்வி கேட்ட இடத்திலேயே இருக்கும்.

கேள்வி ஒன்றே ஒன்று. சித்திரை மாதம் நம் பெண்ணை எங்கே புதைத்தீர்கள்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பச்சைத் துணியில் சுற்றி ஒரு முறை காட்டினார்கள். மயக்கத்தில் சரியாகப் பார்க்கவில்லை. நீங்களும் உங்கள் நைனா பெரிய மாமாவும் வாங்கிக்கொண்டு போனீர்கள். மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள். நகக்கண்ணில் மட்டும் மண் இருந்தது. கறுப்பு மண். நம் கொல்லையில் இருப்பது செம்மண். அதனால் நம் கொல்லையில் இல்லை என்று மட்டும் தெரிந்துகொண்டேன். பெற்றவளுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தீர்களா?

பொம்மைக்காகத்தான் நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்களாம். பேசட்டும். கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, போன வருஷம் ஆவணியில் யாருக்கும் தெரியாமல் தோப்பு அம்மன் கோயிலில் பச்சை மண்ணில் ஒரு குழந்தை செய்து வைத்தேன். மழையில் அது கரைந்து மண்ணோடு மண்ணாகப் போனால்தான் வேண்டுதல் அம்மனிடம் சேரும். கரைய விடாமல் நீங்கள் எடுத்துக்கொண்டு போய் உங்கள் கலைக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தீர்கள். பிள்ளை போன பிறகு, ஆடி மாதம், நீங்கள் வாடகைக்கு விடுகிற குடில்களின் விளம்பரத்தில் அதன் படத்தைப் பார்த்தேன். "மழைக்குடிலில் இரண்டு நாள், கிராமியக் கலைக்கூடத்தில் ஒரு மாலை." அதன் இடது கன்னத்தில் உங்கள் மச்சத்தை நானே விரல் நுனியால் ஒட்டிவைத்தேன். நீங்கள் அதற்குக் கீழே "கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு" என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தானே, மாமா!

நான் நர்ஸ். பொம்மையை எடுத்ததால் பிள்ளை சாகாது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். டாக்டரே காரணம் தெரியவில்லை என்றுதான் சொன்னார். நான் கேட்பது பொம்மையை இல்லை. இடத்தை.

அன்புக்கரசி


செஞ்சி,
14 அக்டோபர் 2024

அன்பு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். திட்டு வாங்கினாலும் இரண்டு பக்கம் வாங்கினேன் என்று ஒரு சந்தோஷம்.

இங்கே ஐப்பசி பிறப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ராஜகிரிக் கோட்டையின் தலை இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை. குடில்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஓலைக் கூரையில் மழை விழுகிற சத்தமே போதும். நம் சமையல்காரச் செல்லம்மாள், அவர்கள் வேர்க்கடலை என்கிற மல்லாட்டையை வேகவைத்து முறத்தோடு கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டால் ஒருத்தரும் எழுந்திருப்பதில்லை. மத்தியானத்துக்கு மேல் குடை பிடித்துக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறேன். பழைய அரிசி மில்தானே, கலைக்கூடத்துக் கூரை ஒரே ஒரு இடத்தில்தான் ஒழுகுகிறது. கூத்துக் கிரீடங்களையும் புஜக்கட்டைகளையும் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டேன். ஜெயஸ்ரீ என்று ஒரு அம்மா போன வருஷம் வந்தாரே, அவர் மறுபடியும் வந்திருந்தார். "சிஸ்டர் எங்கே?" என்று உன்னைத்தான் முதலில் கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். இன்னமும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பொம்மை விஷயத்தில் நீ பேசுவது நியாயமே இல்லை. போன வருஷம் விருந்தாளிகளோடு தோப்புப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது மழை வந்துவிட்டது. அம்மன் காலடியில் ஒரு குழந்தை மல்லாந்து கிடந்து நனைந்துகொண்டிருந்தது. அவ்வளவு அழகான பொம்மையை நான் பார்த்ததில்லை. சட்டையைக் கழற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அது நீ வைத்தது என்று தெரிந்தால் தொட்டிருப்பேனா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. புருஷனுக்குத் தெரியாமல் புருஷனுடைய மச்சத்தை ஒட்டிவைத்தால் நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

நீ கேட்டதற்கு வருகிறேன். அது காகிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை அன்பு. நல்ல இடத்தில்தான் இருக்கிறாள். அதற்கு மேல் கேட்காதே. தீபாவளிக்கு வந்துவிடு. உனக்குப் பிடித்த அந்தக் கடைசிக் குடிலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

எழிலரசன்


புதுச்சேரி,
19 அக்டோபர் 2024

மாமா,

நல்ல இடம்! குடில் விளம்பரத்தில் இதைவிட விவரமாக வழி சொல்லியிருக்கிறீர்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தப் புளியமரத்தைத் தாண்ட வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதுகிறீர்கள். எனக்கு மட்டும் நல்ல இடம்.

உங்களிடம் ஏன் வேண்டுதலைச் சொல்லவில்லை என்று கேட்டால், சிரித்திருப்பீர்கள். அதுதான் காரணம். கல்யாணமான புதிதில் மேல்மலையனூருக்கு அமாவாசைக்குப் போகலாம் என்றேன். "கூட்டத்துல நசுங்குறதுக்கா? அங்க வாங்குற வளையல் இங்கியே கெடைக்குது" என்றீர்கள். சாமி கும்பிடுகிறவர்கள் செய்த பொருளெல்லாம் உங்களுக்கு வேண்டும். கும்பிடுகிறவள் மட்டும் உங்களுக்குத் தமாஷ். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உங்கள் சுபாவம் தெரிந்துதானே கட்டிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே உடைந்த சட்டி, கழன்ற சக்கரம் என்று பொறுக்கிக்கொண்டு வந்து பெரிய மாமாவிடம் அடி வாங்குகிறவர்தானே நீங்கள்.

ஆனால் ஒன்று என்னால் விழுங்க முடியவில்லை. அவளைக் கொண்டுபோய் வைத்த மறுநாள் சாயங்காலம், என்னை வார்டில் விட்டுவிட்டு நீங்கள் கலைக்கூடத்துக்குப் போனீர்கள். பெங்களூரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்றீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் போனீர்கள். எனக்குப் பால் கட்டி மார் கல்லாகிக் கிடந்தது. பால் வற்றட்டும் என்று அம்மா மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். நீங்கள் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "கொஞ்சம் மில்லு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்பீர்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் உங்கள் கண்ணில் நான் பார்க்கவில்லை. அந்த மண் பொம்மைக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தீர்கள், விளக்குப் போட்டீர்கள், தூசி துடைத்தீர்கள். என் பிள்ளைக்கு என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இங்கே பிரசவ வார்டு வேண்டாம் என்று சொல்லி டயாலிசிஸ் பிரிவு கேட்டு வாங்கியிருக்கிறேன். யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு வந்தால் இப்போதும் வெளியே போய் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

கடைசிக் குடிலை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

அன்புக்கரசி


செஞ்சி,
28 அக்டோபர் 2024

அன்பு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். விருந்தாளிகள் சுற்றி நின்று என்ன ஏது என்று கேட்டார்கள். இது கலைக்கூடத்துப் பொருள் இல்லை, தப்பாக வந்துவிட்டது என்றேன். தோப்புக்குக் கொண்டுபோய் நீ வைத்த இடத்திலேயே வைத்தேன். பெரிய மழை இல்லை, தூறல்தான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் மூக்கு போனது. பிறகு கன்னம். மச்சம் தனியாக வழிந்து கழுத்துக்கு வந்து நின்றது. அப்போதுதான் அது என் மச்சம் என்று எனக்கு நிஜமாகவே தெரிந்தது. அதற்கு முன்பு நீ எழுதியிருந்தாய், நான் படித்திருந்தேன், அவ்வளவுதான்.

விளம்பரத்தையும் மாற்றச் சொல்லிவிட்டேன். இப்போது அதில் ஒரு மரக்குதிரையின் படம்தான் இருக்கிறது.

இடத்தை மட்டும் கேட்காதே. எனக்குச் சொல்ல இஷ்டமில்லாமல் இல்லை. சொல்ல மாட்டேன் என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, கையில் அவளை வைத்துக்கொண்டு கொடுத்த வாக்கு. யாருக்கு என்று கேட்காதே. கேட்டால் உனக்கு வேறு ஒருத்தர் மேல் கோபம் வரும். என் மேல் இருக்கிற கோபமே எனக்குப் போதும், இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் அழவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் எதிரில் அழவில்லை. நீ ஏற்கெனவே இருந்த நிலைமையில் நானும் உட்கார்ந்து அழுதால் வீட்டில் யார் நிற்பது என்று நினைத்தேன். அது தப்பாக இருக்கலாம்.

செல்லம்மாள் தினமும் கேட்கிறாள். "அந்தப் பொண்ணு எப்ப வருது தம்பி? தீவாளிக்கு அதிரசம் சுடலாம்னு பாத்தா, யாருக்குச் சுடுறதுன்னு இருக்குது." அவளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்றாவது எழுது.

எழிலரசன்


புதுச்சேரி,
5 நவம்பர் 2024

மாமா,

பொம்மையை நான் திருப்பிக் கேட்கவில்லை. இருந்தாலும் வைத்தது நல்லதுதான்.

வாக்கு யாருக்கு என்று நீங்கள் எழுதவே தேவையில்லை. நம் வீட்டில் உங்களிடம் வாக்கு வாங்கக்கூடிய ஆள் ஒருத்தர்தான். தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை வல்லத்துக்குப் போனேன். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டுத்தான் போனேன். அம்மா களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டு, மேகத்தைப் பார்ப்பதும் தார்ப்பாயைப் பார்ப்பதுமாக இருந்தாள். நேராகப் போய்க் கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"ஆமாண்டி, நாந்தான் சொன்னன். எங்கண்ணன் மவன் தலையில அடிச்சி சத்தியம் வாங்கனன். பெத்தவளுக்கு எடம் தெரிஞ்சா அங்கியே போயி குந்திக்குவா. ஊடு வாசல் எதுவும் ஞாபகம் இருக்காது. அப்பறம் அடுத்தது தங்காது."

"எந்த அடுத்தது?" என்று கேட்டேன்.

"இன்னாடி இப்பிடிக் கேக்குற?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் ஒன்றைப் புதைத்தார்களே, அந்தக் கஷ்டத்தை நான் பார்க்கவில்லையா என்றாள். எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து போனதாம். இத்தனை வயதுக்கு எனக்கு அது தெரியாது. அவளுக்கும் இடம் தெரியாதாம். கேட்கவே இல்லையாம். கேட்காமல் இருந்ததால்தான் நான் பிறந்து தங்கினேனாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சண்டை போடுவது? தார்ப்பாயை இழுத்து மல்லாட்டையை மூடிவிட்டு, அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா அந்தக் காலத்து மனுஷி. நம்புகிறாள். அவளை விட்டுவிடுகிறேன். உங்களைத்தான் விட முடியவில்லை. ஊர்ச் சாங்கியம் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சீட்டு எழுதி ஒட்டுகிற மனுஷன், இந்த ஒரு சாங்கியத்தை மட்டும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறீர்கள். நான் வீட்டை விட்டுப் போனபோதுகூட வாயைத் திறக்கவில்லை. வாக்கா, நானா என்று வந்தபோது வாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

எனக்கு அங்கே போய்க் குந்திக்கொள்ள வேண்டாம், மாமா. ஒரு முறை போக வேண்டும். அவ்வளவுதான். அவள் தனியாக இருக்கிறாள்.

அன்புக்கரசி


செஞ்சி,
26 நவம்பர் 2024

அன்பு,

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் "அவள் தனியாக இருக்கிறாள்" என்று நீ எழுதிய வரிதான் என்னை உட்கார வைத்தது. அவள் தனியாக இல்லை. அதைச் சொல்லவாவது நான் எழுதியாக வேண்டும். அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். அத்தை சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருக்கிற தைரியமும் அன்றைக்கு என்னிடம் இல்லை. கையில் அவளை வைத்துக்கொண்டு நிற்கிறேன். "அடுத்ததாவது தங்கணும்டா எழிலு" என்று அத்தை அழுகிறார்கள். எதற்கு வேண்டுமானாலும் சரி என்று சொல்லியிருப்பேன். அப்புறம் ஒவ்வொரு முறையும் உன்னிடம் சொல்ல வாயெடுக்கும்போது, சொல்லிவிட்டால் இனி நமக்குப் பிள்ளையே வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுப்பதுபோல இருந்தது. சிரிக்கிறாயா? சிரி. உன்னைப் பார்த்து நான் எத்தனை முறை சிரித்திருக்கிறேன்.

நைனா வண்டி ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். ரோடு எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியுமே. ஒவ்வொரு பள்ளத்திலும் "மெள்ள போ நைனா, மெள்ள போ" என்று கத்திக்கொண்டே வந்தேன். அவரும் மெதுவாகத்தான் ஓட்டினார். துணியை விலக்கிப் பார்த்தேன். அவளுக்கு மச்சம் இல்லை. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மூக்கு உன்னுடையது. விரல்கள் நீளம்.

சுடுகாட்டுப் பக்கம் கொண்டுபோக மனசு வரவில்லை. கொல்லையில் வைத்தால் நாளைக்கு டிராக்டர் ஓடும். நம் ஏரியில், மதகுக்கு மேற்கே, கரைக்கு உள்பக்கம் ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறதே, அதற்குக் கீழே ஒரு மேடு. அங்கேதான். தண்ணீர் அந்த மேட்டை எட்டி வருஷக்கணக்காகிறது என்று நைனாதான் இடம் பார்த்தார். சித்திரையில் ஏரியே வெடித்துக் காய்ந்து கிடந்தது. வண்டல் மண். அதைத்தான் நீ என் நகத்தில் பார்த்திருக்கிறாய். ஆழமாகவே தோண்டினேன். மேலே ஒரு சப்பைக் கல் வைத்து, நாய் வராமல் முள் வெட்டிப் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அரிசி மில்லின் பின்பக்கத்து ஜன்னலில் நின்றால் அந்தப் பனை தெரியும். ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தால் ஊரே கேட்கும். கலைக்கூடத்துக்குப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். மறுநாள் போனதும் அதற்குத்தான். பெங்களூர்க்காரர்கள் ஒரு பக்கம் கிரீடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் ஜன்னலில் நின்றேன். இன்றைக்கு வரைக்கும் ஒரு நாள் தவறியதில்லை. மழை வந்தால் சாரலில் நனைந்துகொண்டு நிற்பேன். விருந்தாளிகள் நான் மழையை ரசிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வா அன்பு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு போன் பண்ணு. சேர்ந்து போவோம். அதற்கு அப்புறம் நீ புதுச்சேரிக்கே திரும்பிப் போனாலும் தடுக்கமாட்டேன். புயல் ஒன்று வருகிறது என்கிறார்கள். அது போனதும் வா.

எழிலரசன்


செஞ்சி,
3 டிசம்பர் 2024

அன்பு,

போன கடிதம் உனக்குக் கிடைத்ததா என்று தெரியவில்லை. ரோடு அறுந்து கிடக்கிறது, தபால் எங்கே மாட்டியிருக்கிறதோ. கிடைத்திருந்தால், இப்போது வராதே. தை வரைக்குமாவது பொறு.

இப்படி ஒரு மழையை நைனாவே பார்த்ததில்லை என்கிறார். குடில்களில் இரண்டுக்குக் கூரை போய்விட்டது. அது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்து போய்ப் பார்த்தேன். ஏரி கரை தளும்பி நிற்கிறது. மேட்டைக் காணோம். பனை பாதிதான் வெளியே இருக்கிறது.

மண்மூட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. அவ்வளவு தண்ணீரில் மண்மூட்டையை வைத்து என்ன செய்வது? நைனா இடுப்பளவு தண்ணீரில் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னாடா பண்ற? பைத்தியம் புடிச்சிருக்குதா ஒனக்கு? ஊரே ஏரி ரொம்பிடுச்சின்னு நிக்கிது!" என்றார். அப்புறம் அவரும் பனையைப் பார்த்துவிட்டு அங்கேயே கையை விட்டுவிட்டார். "நாந்தான் மேடுன்னு சொன்னன்" என்றார். கரைக்கு வந்தும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல் கனமானது. நகர்ந்திருக்காது. நான் விசாரித்துவிட்டேன், அந்தப் பக்கம் இழுப்பு இல்லை, தண்ணீர் ஏறி நிற்கிறதே தவிர அரிக்கவில்லை என்கிறார்கள். நம்புகிறேன். நீயும் நம்பு.

எழிலரசன்


புதுச்சேரி,
9 டிசம்பர் 2024

மாமா,

உங்கள் கடைசிக் கடிதம் சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. நான் வியாழக்கிழமையே வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

முந்தின கடிதம் புதன்கிழமை கிடைத்தது. டியூட்டி முடிந்து ஹாஸ்டல் படியில் நின்றே படித்தேன். "மெள்ள போ நைனா" என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். விடிந்ததும் கிளம்பினேன். பஸ் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் நெல் சாய்ந்து கிடந்தது. எனக்கு அது எதுவும் மனதில் ஏறவில்லை. மதகுக்கு மேற்கே, மதகுக்கு மேற்கே என்று பாடம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன். பூ வாங்கவில்லை. ஒரு சின்னத் துண்டுத் துணி எடுத்து வந்திருந்தேன், கல்லைத் துடைக்கலாம் என்று.

உங்களுக்குப் போன் பண்ணவில்லை. முதல் முறை நான் மட்டும் போக வேண்டும் என்று இருந்தது.

கரை ஏறியதும் கூட்டம். என்ன ஏது என்று எனக்குப் புரியவில்லை. ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிறது என்று ஊரே திரண்டு நின்றது. பயிர் போனவர்கள்கூடச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்திருந்தார்கள். பம்பை அடித்தார்கள். உங்கள் குடில் விருந்தாளிகள் போலிருக்கிறது, குடையும் செல்போனுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மதகைப் பிடித்து மேற்கே பார்த்தேன். தண்ணீர். பனை தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே மேடும் இல்லை, முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை. எட்டு மாதம் கேட்டுக் கேட்டு வாங்கிய இடம், மாமா. நான் வருவதற்குள் இல்லை.

உங்களையும் பார்த்தேன். மில்லின் பின் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தீர்கள். முகம் தெரியவில்லை, சட்டைதான் தெரிந்தது. நீங்கள் எழுதியது அத்தனையும் நிஜம் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் ஓடிவந்து உங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் வரவில்லை. உங்கள் மேல் இருந்த கோபம் முழுவதும் தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் வந்துவிடுவேன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தீர்ந்த பிறகு பார்த்தால் உள்ளே வேறு ஒன்றும் மிச்சம் இல்லை. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

பொம்மையை மழையிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினீர்கள், அவளைத் தண்ணீரில் விட்டுவிட்டீர்கள் என்று முதலில் ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். பெரிய மாமாவிடம் சொல்லுங்கள், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மேடு பார்த்து, அவர் அறிந்தவரைக்கும் நல்ல இடமாகத்தான் வைத்திருக்கிறார். நீங்கள் எனக்கு இடத்தைச் சொல்லிவிட்டீர்கள் என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். மாசியோ பங்குனியோ, தண்ணீர் வடிந்து அந்தக் கல் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள். வருகிறேன். வேறு எதற்கும் எழுத வேண்டாம். நான் திரும்பி வந்து குடும்பம் நடத்துவேன் என்று காத்திருக்காதீர்கள்.

கூட்டத்தில் செல்லம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. ஏரியைப் பார்க்கத்தான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டாள். என் கையில் ஒரு பிடி சாமந்தியைத் திணித்தாள். "போடு கண்ணு, கங்கம்மாவுக்குப் போடு. எத்தினி வருசங் கழிச்சி ஏரி ரொம்பியிருக்குது பாரு. நல்லா வேண்டிக்கினு போடு" என்றாள்.

நான் வல்லத்தில் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற வீட்டில் பிறந்தவள். ஏரி நிரம்ப வேண்டும் என்று கும்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். என்னைச் சுற்றி நின்ற அத்தனை பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு, இந்தத் தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பூவைப் பனை இருந்த பக்கமாக எறிந்துவிட்டு, இந்த ஏரி ஒரு சொட்டு இல்லாமல் வற்றிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிவிட்டு, செல்லம்மாள் இலையில் வைத்துக் கொடுத்த பொங்கலையும் வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

அன்புக்கரசி